சைஸ் கேட்டுட்டு படிச்சாலும் ஈரேஞ்ச் வருது: எக்ஸ்ஆட்டர் படிக்கிற சிஸ்கால் பத்தி

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே. சி-ல சின்னதா ஒரு பேக்கப் டூல் எழுதிட்டிருக்கேன், லினக்ஸுக்கு மட்டும் தான். ஃபைல் உள்ளடக்கம், பெர்மிஷன், டைம்ஸ்டாம்ப் எல்லாம் சரியா வந்துடுச்சு, இப்போ எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (சுருக்கமா எக்ஸ்ஆட்டர், ஃபைலோட ஒட்டி வைக்கிற பெயர்-வேல்யூ ஜோடி) பக்கம் வந்திருக்கேன். லிஸ்ட்எக்ஸ்ஆட்டர் கூப்பிட்டு பெயர் பட்டியல் வாங்குறேன், ஒவ்வொரு பெயருக்கும் கெட்எக்ஸ்ஆட்டர முதல்ல சைஸ் 0 குடுத்து கூப்பிடுறேன், அது எத்தனை பைட்னு சொல்லுது, அந்த அளவுக்கு மேலாக் பண்ணி மறுபடி கூப்பிடுறேன். மேன் பேஜ்ல இருக்கிற மாதிரியே தான்.

மூணு சிக்கல். ஒண்ணு, எப்பவாவது ஒரு தடவ ரெண்டாவது கால் -1 வருது, எர்ர்நோ பாத்தா ஈரேஞ்ச் (பஃபர் பத்தலங்கிற எர்ரர்), சைஸ் கேட்டு தானே வாங்கினேன் அப்புறம் எப்படி பத்தாம போகும்? ரெண்டு, பிரிண்ட் பண்ணா சில வேல்யூ கடைசில குப்பை குப்பையா எழுத்து வருது. மூணு, சில பைனரிக்கு கெட்கேப் போட்டா கேப்பபிலிட்டி (ரூட் உரிமைல ஒரு துண்டு) இருக்குன்னு சொல்லுது ஆனா கெட்ஃபேட்டர் மைனஸ் டி போட்டா ஒண்ணுமே காட்டல. எது உண்மை?

பழையகர்னல்:
முதல் ரெண்டுக்கும் நான் சொல்றேன், மூணாவது வேற யாராச்சும் எடுத்துக்கோங்க.

ஈரேஞ்ச் வர்றது கர்னல் பிழை இல்ல. நீங்க சைஸ் கேக்குறது ஒரு சிஸ்கால் (கர்னல்கிட்ட வேலை கேக்குற அழைப்பு), படிக்கிறது இன்னொரு சிஸ்கால். ரெண்டுக்கும் நடுவுல எந்த லாக்கும் கிடையாது. அந்த இடைவெளில வேற ஒரு ப்ராசஸ் அதே ஆட்ரிபியூட்ட பெருசாக்கிட்டா உங்க பஃபர் பத்தாது. உங்க மெஷின்ல ஏதாச்சும் இன்டெக்ஸரோ டேக் போடுற ஆப்போ பின்னாடி ஓடிட்டிருக்கும். அதனால இத ஒரு லூப்ல போடணும்: சைஸ் கேளு, கொஞ்சம் கூடுதலா ஒதுக்கு, படி, ஈரேஞ்ச் வந்தா திரும்ப ஆரம்பி. லிஸ்ட்எக்ஸ்ஆட்டருக்கும் இதே கதை தான், பட்டியலும் நடுவுல வளரலாம்.

அதோட இன்னொரு கேஸ் மறந்துடாதீங்க. பட்டியல்ல பெயர் இருந்துச்சு, நீங்க படிக்கப் போறதுக்குள்ள அத யாரோ அழிச்சுட்டாங்க, அப்போ ஈநோடேட்டா (அப்படி ஒண்ணு இல்லங்கிற எர்ரர்) வரும். பேக்கப் டூல் அங்க அலறக் கூடாது, அமைதியா தாண்டிப் போகணும். ஆட்ரிபியூட் சுருங்கியிருந்தா எர்ரரே வராது, ரிட்டர்ன் ஆன நம்பர் தான் உண்மையான நீளம், முதல்ல கேட்ட சைஸ வச்சு எழுதினீங்கன்னா பேக்கப்ல குப்பை சேரும்.

குப்பை எழுத்துக்கும் காரணம் அங்கயே தான் இருக்கு. வேல்யூங்கிறது வெறும் பைட் வரிசை, கடைசில நல் பைட் இருக்கணும்னு எந்த விதியும் இல்ல. பிரிண்ட்எஃப்ல பர்சன்ட் எஸ் போட்டா அது நல் தேடிக்கிட்டு பக்கத்து மெமரிக்குள்ள போயிடும். ஆனா லிஸ்ட்எக்ஸ்ஆட்டர் தர்ற பட்டியல்ல மட்டும் ஒவ்வொரு பெயரும் நல்-ல முடியும், ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா ஒட்டி இருக்கும். ஒரே குடும்பத்து ரெண்டு சிஸ்கால், ரெண்டு வழக்கம். இதுலயும் ஒரு வேடிக்கை, எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு லேபிள் இருக்கிற செக்யூரிட்டி.எஸ்இலினக்ஸ் வேல்யூ மட்டும் பொதுவா கடைசில ஒரு நல்லோட தான் வரும், அந்த நல்லும் வேல்யூல சேர்த்தி. அழகா இருக்கட்டும்னு வெட்டி எறிஞ்சுட்டு ரீஸ்டோர் பண்ணாதீங்க, வந்தத வந்தபடி வைங்க.

குறுக்குவழி:
எதுக்கு ப்ரோ இவ்ளோ சுத்து. லினக்ஸ்ல விஎஃப்எஸ் (எல்லா ஃபைல்சிஸ்டத்துக்கும் பொதுவான கர்னல் அடுக்கு) லேயர்லயே வேல்யூவுக்கு 64 கேபி தான் உச்சவரம்பு, பட்டியலுக்கும் 64 கேபி, பெயருக்கு 255 பைட். ப்ரோக்ராம் ஆரம்பத்துல 65536 பைட்டுக்கு ரெண்டு பஃபர் ஒதுக்கி வச்சுக்கோங்க, சைஸ் 0 காலே வேண்டாம், நேரா படிங்க. சிஸ்கால் எண்ணிக்கை பாதியாகும், நடுவுல சைஸ் மாறுற ரேஸ் சிக்கலும் போச்சு. த்ரெட் போட்டீங்கன்னா த்ரெட்டுக்கு ஒண்ணு வச்சுக்கோங்க அவ்ளோ தான்.

பழையகர்னல்:
லினக்ஸ் மட்டும்னா இது சரியான யோசனை தான், நான் சொன்ன லூப்ப விட இதுவே மேல். ஒரே ஒரு மூலை இருக்கு. எக்ஸ்எஃப்எஸ் மாதிரி ஃபைல்சிஸ்டம்ல ஒரு ஃபைலுக்கு எத்தனை ஆட்ரிபியூட் வேணா போடலாம், பெயர்கள் எல்லாம் சேந்து 64 கேபி தாண்டிட்டா லிஸ்ட்எக்ஸ்ஆட்டர் ஈ2பிக் குடுத்துடும், அந்த பட்டியல வாங்க வேற வழியே இல்ல. நிஜ வாழ்க்கைல யாரும் அவ்ளோ போட மாட்டாங்க, ஆனா அந்த எர்ரர காலி பட்டியல்னு எடுத்துக்கிட்டு போயிடாதீங்க, லாக்ல எழுதுங்க.

மேக்வாசி:
நாளைக்கு இத மேக்ல கம்பைல் பண்ணணும்னு ஆச வந்தா 64 கேபி கதை உடைஞ்சிடும், இப்பவே சொல்லி வைக்கிறேன். அங்க கெட்எக்ஸ்ஆட்டர் ஃபங்ஷனுக்கு ஆறு ஆர்க்யுமென்ட். பாத், பெயர், பஃபர், சைஸ், அதுக்கு மேல பொசிஷன்னு ஒண்ணு, ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு. பொசிஷன் எதுக்குன்னா காம்.ஆப்பிள்.ரிசோர்ஸ்ஃபோர்க்னு ஒரு ஆட்ரிபியூட் இருக்கு, பழைய மேக் காலத்து ரிசோர்ஸ் ஃபோர்க்க எக்ஸ்ஆட்டர் வேஷத்துல காட்டுறது, அது மெகாபைட் கணக்குல கூட இருக்கும், அத துண்டு துண்டா படிக்க தான் அந்த பொசிஷன். மத்த எல்லாத்துக்கும் 0 தான் குடுக்கணும்.

எல்கெட்எக்ஸ்ஆட்டர் அங்க கிடையாது, சிம்லிங்க்க பின்தொடராம இருக்க ஆப்ஷன்ஸ்ல நோஃபாலோ ஃப்ளாக் போடணும். பெயர் நீளம் 127 பைட் வரைக்கும் தான். யூசர். செக்யூரிட்டி. னு நேம்ஸ்பேஸ் பிரிவெல்லாம் இல்ல, டொமைன தலைகீழா எழுதுறது ஒரு பழக்கம், கட்டாயம் இல்ல. ஆட்ரிபியூட் இல்லன்னா ஈநோஆட்டர் வரும், நம்பர் 93. லினக்ஸோட ஈநோடேட்டா 61. மேக்ல 61-ங்கிறது கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு! நம்பர நேரா கோட்ல எழுதி வச்ச ஆளுங்க ஃபைல் படிக்கும்போது நெட்வொர்க் எர்ரர் வருதேன்னு தேடிட்டு இருப்பாங்க.

இன்னொண்ணு, டீகம்ப்எஃப்எஸ்னு ஒரு ஆட்ரிபியூட்ட சிஸ்டமே உங்ககிட்ட இருந்து மறைச்சு வைக்கும், ஷோகம்ப்ரஷன் ஃப்ளாக் போட்டா தான் தெரியும். கம்ப்ரஸ் ஆன ஃபைல நீங்க படிக்கும்போது அதுவே விரிச்சு குடுத்துடுது, அதனால பேக்கப்புக்கு அது வேணாம்.

கன்டெய்னர்காரி:
மூணாவது கேள்விக்கு வர்றேன். கெட்ஃபேட்டர் பொய் சொல்லல, அதோட டீஃபால்ட் பேட்டர்ன் யூசர். னு ஆரம்பிக்கிறத மட்டும் தான் காட்டும். மைனஸ் எம் போட்டு பக்கத்துல இன்னொரு மைனஸ் போடுங்க, எல்லாம் வரும். கேப்பபிலிட்டி இருக்கிறது செக்யூரிட்டி.கேப்பபிலிட்டிங்கிற பெயர்ல. பைனரி வேல்யூ, பழைய வடிவம்னா 20 பைட், யூசர் நேம்ஸ்பேஸ் ரூட் ஐடி சேர்ந்த புது வடிவம்னா 24 பைட். கர்னல் 4.14-ல அந்த புது வடிவம் வந்துச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். லினக்ஸ்ல நாலு நேம்ஸ்பேஸ் இருக்கு, யூசர், சிஸ்டம், செக்யூரிட்டி, டிரஸ்டெட். படிக்கிற உரிமை ஒவ்வொண்ணுக்கும் வேற. யூசர்.-ஐ படிக்க ஃபைல் மேல ரீட் பெர்மிஷன் வேணும். செக்யூரிட்டிக்கும் சிஸ்டத்துக்கும் விஎஃப்எஸ் அந்த செக் பண்றதில்ல, அந்தந்த செக்யூரிட்டி மாட்யூலும் ஃபைல்சிஸ்டமும் பாத்துக்கும். டிரஸ்டெட் படிக்க கேப்_சிஸ்_அட்மின் வேணும், அதுவும் ஹோஸ்ட்டோட முதல் யூசர் நேம்ஸ்பேஸ்ல. யூசர் நேம்ஸ்பேஸ் கன்டெய்னருக்குள்ள ரூட்டா இருந்தா போதாது.

உரிமை இல்லன்னா என்ன எர்ரர் வரும்? ஈபெர்ம் (அனுமதி இல்ல) வரும்னு தானே நெனப்பீங்க? படிக்கும்போது ஈநோடேட்டா தான் வரும். அதாவது இல்லவே இல்லன்னு சாதிச்சிடும். எழுதப் போனா தான் ஈபெர்ம். பட்டியல்லயும் டிரஸ்டெட் பெயர்கள் வராது. அதனால உங்க பேக்கப்ப சாதா யூசரா ஓட்டினா ஒரு எர்ரர் கூட இல்லாம முழு வெற்றின்னு சொல்லிட்டு டிரஸ்டெட் எல்லாத்தையும் கோட்டை விட்டிருக்கும். ஓவர்லேஎஃப்எஸ் (அடுக்கடுக்கான டைரக்டரிகள ஒண்ணா காட்டுற ஃபைல்சிஸ்டம்) மேல் அடுக்கு டைரக்டரிய பேக்கப் எடுக்கிறவங்களுக்கு இது நேரடியா அடி, டைரக்டரி ஒபேக்கா (கீழ் அடுக்க மறைக்குதா) இல்லையான்னு அது பொதுவா டிரஸ்டெட்.ஓவர்லே.ஒபேக்-ல தான் எழுதி வைக்குது. அது தொலைஞ்சா நீங்க அழிச்ச ஃபைல் எல்லாம் கீழ் அடுக்குல இருந்து திரும்ப எட்டிப் பாக்கும்.

அரைத்தூக்கம்:
அம்மாடி. மைனஸ் எம் போட்டு பாத்தேன், செக்யூரிட்டி.கேப்பபிலிட்டி வந்துச்சு, ரொம்ப நன்றி அக்கா. 64 கேபி பஃபர் வழிக்கு மாறிட்டேன், ஈரேஞ்ச் நின்னுடுச்சு.

அடுத்து சிம்லிங்க். லிங்க்குக்கும் தனியா ஆட்ரிபியூட் இருக்குமா? எல்கெட் எப்போ, எஃப்கெட் எப்போ?

பழையகர்னல்:
பேக்கப்னா சும்மா கெட்எக்ஸ்ஆட்டர் பக்கமே போகாதீங்க. அது லிங்க்க பின்தொடர்ந்து இலக்கு ஃபைலோடத படிச்சு வந்து லிங்க் பெயர்ல ஒட்டிடும். எல் போட்டத எடுங்க. சிம்லிங்க்குக்கு யூசர். ஆட்ரிபியூட் போட முடியாது, சாதா ஃபைலுக்கும் டைரக்டரிக்கும் மட்டும் தான் அது, டிவைஸ் ஃபைலுக்கும் கிடையாது. காரணம் எளிது, சிம்லிங்க்கோட பெர்மிஷன் பிட் எல்லாருக்கும் திறந்து கிடக்கும், விட்டா யார் வேணா எழுதி டிஸ்க்க ரொப்பிடலாம். செக்யூரிட்டியும் டிரஸ்டெட்டும் லிங்க் மேல இருக்கலாம், எஸ்இலினக்ஸ் ஓடுற மெஷின்ல அதோட லேபிள் பொதுவா இருக்கும்.

எஃப் போட்டது நீங்க ஏற்கனவே ஃபைல திறந்து உள்ளடக்கம் படிச்சிட்டிருக்கும்போது. அதே டிஸ்கிரிப்டர் மேல படிச்சா நடுவுல யாரும் பாத்த மாத்தி ஏமாத்த முடியாது, உள்ளடக்கம் ஒரு ஃபைலோடது ஆட்ரிபியூட் இன்னொண்ணோடதுன்னு ஆகாது.

நடுராத்திரி_டீபக்:
ஓ_பாத் ஃப்ளாக்ல (ஃபைல சுட்டிக்காட்ட மட்டும், உள்ளடக்கம் படிக்க இல்ல) திறந்தா எஃப்கெட் வேல செய்யாது, ஈபேட்எஃப் வரும். சிம்லிங்க்க டிஸ்கிரிப்டரா பிடிக்கணும்னா ஓ_பாத் தான் வழி, ஆனா அதுல ஆட்ரிபியூட் படிக்க முடியாது, நல்ல கூத்து. இலக்கு சாதா ஃபைலா இருந்தா ப்ராக்-செல்ஃப்-எஃப்டி கீழ இருக்கிற அந்த நம்பர் பாத்த கெட்எக்ஸ்ஆட்டருக்கு குடுத்து சமாளிப்பாங்க. ப்ராக் மவுண்ட் ஆகாத இடத்துல அதுவும் போச்சு.

லினக்ஸ் 6.13-ல தான் இதுக்கு விடிவு வந்துச்சு, கெட்எக்ஸ்ஆட்டர்அட், லிஸ்ட்எக்ஸ்ஆட்டர்அட், செட், ரிமூவ்னு நாலு புது சிஸ்கால், டைரக்டரி டிஸ்கிரிப்டரும் ஃப்ளாக்கும் எடுத்துக்கும். எக்ஸ்ஆட்டர் சிஸ்கால்ஸ் 2.4 காலத்துலயே வந்தது, ஓபன்அட் மாதிரி அட் குடும்பம் 2.6.16-ல வந்தது, இது மட்டும் இத்தனை வருஷம் விட்டுப்போச்சு.

இன்னொரு ஜாக்கிரதை. ஆட்ரிபியூட் படிக்கணும்னே எல்லாத்தையும் ஓபன் பண்ணிட்டு போனீங்கன்னா வழில ஒரு ஃபிஃபோ (பெயருள்ள பைப்) இருந்தா அங்கயே தொங்கிடும். நான்பிளாக் போடுங்க, இல்ல ஸ்டேட் பாத்துட்டு திறங்க.

எஸ்கியூலைட்_பக்தன்:
நான் எதிர்க்கட்சி. இவ்ளோ ஓட்டை இருக்கிற ஒரு இடத்துல யாராச்சும் டேட்டா வைப்பாங்களா? சாதா சிபி போட்டா யூசர். ஆட்ரிபியூட் போச்சு, மைனஸ் ஏ போட்டா தான் வரும், அதுவும் போற இடம் ஏத்துக்கலன்னா சத்தமே போடாம விட்டுடும். ஆர்சிங்க்ல பெரிய எக்ஸ் போடணும், டார்ல தனியா எக்ஸ்ஆட்டர்ஸ் ஆப்ஷன், பிரிக்கும்போது செக்யூரிட்டி கேப்பபிலிட்டி வேணும்னா எக்ஸ்ஆட்டர்ஸ்-இன்க்ளூடும் ஸ்டாரும் சேர்க்கணும். எடிட்டர் பல பேரு புது ஃபைல் எழுதிட்டு ரீநேம் பண்றவங்க, ஒரு சேவ் அடிச்சா பழைய ஐநோட் (டிஸ்க்ல ஃபைலோட விவரப் பதிவு) அதோட ஆட்ரிபியூட் எல்லாம் காலி. யூஎஸ்பி ஸ்டிக்ல ஃபேட் ஃபைல்சிஸ்டம் இருந்தா அங்கயும் காலி. டெம்ப்எஃப்எஸ்-ல யூசர். ஆதரவு 6.6-ல தான் வந்தது. என்எஃப்எஸ்-ல 4.2 வெர்ஷனும் ரெண்டு பக்கமும் 5.9 இல்ல அதுக்கு மேல கர்னலும் இருக்கணும்.

இதுக்கு மேல யாருக்கும் தெரியாம விஷயம் கசியும். வீகெட் பழைய வெர்ஷன் டவுன்லோட் பண்ண யூஆர்எல்ல யூசர்.எக்ஸ்டிஜி.ஆரிஜின்.யூஆர்எல்-ல எழுதி வச்சிடும், யூஆர்எல்-ல பாஸ்வேர்டு இருந்தா அதுவும் சேந்து. 2018-ல பதிவான பாதுகாப்பு ஓட்டை (சிவிஇ) அது, 1.20.1-ல சரி பண்ணாங்க. எஸ்கியூலைட் ஃபைல் ஒண்ணு வச்சு பாத்தையும் ஹேஷையும் சேத்து எழுதுங்க, நிம்மதியா தூங்கலாம்.

கன்டெய்னர்காரி:
நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல, ஆனா கேட்ட கேள்வி வேற. ஆப் எழுதுற ஆள் தன் டேக எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணலாம், சரி. பேக்கப் டூல் எழுதுறவருக்கு அந்த சுதந்திரம் ஏது? ஏசிஎல்லே (யாருக்கு என்ன அனுமதிங்கிற பட்டியல்) சிஸ்டம்.போசிக்ஸ்_ஏசிஎல்_ஆக்சஸ்-ல தான் உக்காந்திருக்கு. விட்டுட்டு ரீஸ்டோர் பண்ணா ஒரு க்ரூப்புக்கு மட்டும் குடுத்த அனுமதி காணாம போகும், கேப்பபிலிட்டி போன பைனரி ரூட் இல்லாம ஓட மறுக்கும். அப்போ போய் எஸ்கியூலைட்ல தேட முடியாது.

எஸ்கியூலைட்_பக்தன்:
பேக்கப்புக்கு ஒத்துக்கிறேன். புதுசா எழுதுற ஆப்புக்கு என் கருத்து மாறல.

தமிழ்டேக்:
நான் அந்த புது ஆப் எழுதுற ஆளு தான், போட்டோவுக்கு தமிழ்ல டேக் போட பைத்தான்ல ஓஎஸ்.கெட்எக்ஸ்ஆட்டர் யூஸ் பண்றேன், 3.3-ல இருந்து இருக்கு, லினக்ஸ்ல மட்டும் தான் வேல செய்யும். சைஸ் கேக்குறது, ஈரேஞ்ச் லூப்பு எல்லாம் அதுவே உள்ள பாத்துக்குது. வேல்யூ பைட்ஸா வரும், டீகோட் நாம தான் பண்ணணும். ஃபாலோ_சிம்லிங்க்ஸ் ஃபால்ஸ் போட்டா எல் வடிவம்.

தமிழ்ல பெயர் வைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். பெயர் 255 பைட், அதுல யூசர் புள்ளி 5 பைட் போயிடும், மீதி 250. யூடிஎஃப்-8ல தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி குறி. தமிழ்ங்கிற வார்த்தையே 15 பைட். அப்போ 83 குறிக்கு மேல போகாது. கெட்ஃபேட்டர்ல தமிழ் வேல்யூவ பாத்தா பேஸ்64 மாதிரி புரியாத வரி வரும், கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, மைனஸ் மைனஸ் ஒன்லி-வேல்யூஸ் போட்டா நேரா வரும்.

எக்ஸ்ட்4-ல எவ்ளோ போடலாம்? பெரிய குறிப்பு எழுதப் போனேன், டிஸ்க்ல இடம் நெறைய இருக்கும்போதே ஈநோஸ்பேஸ் வந்துச்சு.

பழையகர்னல்:
எக்ஸ்ட்4-ல ஒரு ஃபைலோட எல்லா ஆட்ரிபியூட்டும் சேந்து ஐநோட்டுக்குள்ள மிச்சம் இருக்கிற இடத்துலயும் கூட ஒரே ஒரு பிளாக்லயும் அடங்கணும், பொதுவா 4096 பைட். வீட்டுப் பரண் மாதிரி, வீடு எவ்ளோ பெருசா இருந்தாலும் பரண் அளவு தான் பரண். ஈஏ_ஐநோட்னு ஒரு ஃபீச்சர் 4.13-ல வந்தது, அத ஆன் பண்ணா பெரிய வேல்யூவுக்கு தனி ஐநோட் ஒதுக்கும், ஆனா டீஃபால்ட்டா ஆஃப். உங்க ஆப்ப யூஸ் பண்றவங்க ஃபைல்சிஸ்டம்ல அது இருக்கும்னு நம்பாதீங்க.

வேகத்துக்கும் இது முக்கியம். டீஃபால்ட் 256 பைட் ஐநோட்டுக்குள்ள அடங்குற சின்ன ஆட்ரிபியூட்னா ஐநோட் படிக்கும்போதே கூட வந்துடும், இன்னொரு டிஸ்க் ரீட் வேண்டாம். வெளி பிளாக்குக்கு போயிட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் கூடுதல் ஒரு ரீட். ஒரே மாதிரி ஆட்ரிபியூட் இருக்கிற ஃபைல்கள் அந்த பிளாக்க பங்கு போட்டுக்கும், அதனால ஒரே ஏசிஎல் போட்ட டைரக்டரில அடி கம்மி.

மேக்வாசி:
சும்மா தகவலுக்கு, ஃப்ரீபிஎஸ்டில இதே வேலைக்கு எக்ஸ்ட்ஆட்டர்_கெட்_ஃபைல்னு வேற குடும்பம். நேம்ஸ்பேஸ் அங்க நம்பரா போகும், பெயரோட ஒட்டாது. பட்டியல்ல நல் கிடையாது, ஒவ்வொரு பெயருக்கும் முன்னாடி ஒரு பைட் நீளம். லினக்ஸ் பார்சர அப்படியே கொண்டு போனா கதை கந்தல். சோலாரிஸ்ல ஓபன்அட்ல ஓ_எக்ஸ்ஆட்டர் போட்டு ஆட்ரிபியூட்டயே ஃபைலா திறந்து சாதா ரீட் பண்ணலாம், என்னைக் கேட்டா அது தான் உருப்படியான டிசைன். போசிக்ஸ்ல எக்ஸ்ஆட்டரே கிடையாது, அதான் ஆளாளுக்கு ஒரு வழி.

அரைத்தூக்கம்:
கடைசியா ஒண்ணு. லட்சக்கணக்கான ஃபைல், ஒவ்வொண்ணுக்கும் எல்லிஸ்ட் கூப்பிட வேண்டியிருக்கு, பெரும்பாலும் 0 தான் வருது. ஒரு ஃபைல்சிஸ்டம்ல ஆதரவு இல்லன்னு தெரிஞ்சா எஸ்டி_டெவ் (ஃபைல் எந்த டிவைஸ்ல இருக்குன்னு ஸ்டேட் சொல்ற நம்பர்) வச்சு மத்த ஃபைலுக்கு கூப்பிடாம தாண்டிடலாமா? இல்ல ஐஓ_யூரிங்ல கும்பலா அனுப்பலாமா?

நடுராத்திரி_டீபக்:
ஐஓ_யூரிங்ல 5.19-ல இருந்து கெட், எஃப்கெட், செட், எஃப்செட் இருக்கு. லிஸ்ட் கிடையாது, உங்களுக்கு வேணும்ங்கிறதே அது தான். பெயர் முன்னாடியே தெரிஞ்சா மட்டும் அது உதவும்.

எஸ்டி_டெவ் வச்சு தாண்டுறது ஈஓப்நாட்சப் (ஆதரவு இல்ல) வந்த இடத்துல மட்டும் பண்ணுங்க, அதுவும் லிஸ்ட்ல வந்தா தான். ஒரு பெயருக்கு கெட்ல அந்த எர்ரர் வந்தா அந்த நேம்ஸ்பேஸ் மட்டும் இல்லைன்னு அர்த்தம், பழைய டெம்ப்எஃப்எஸ் யூசர். வேணாம்னு சொல்லிட்டு டிரஸ்டெட்ட வச்சுக்கும். 0 வந்தத வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க, அடுத்த ஃபைல்ல இருக்கலாம். பட்டியல்ல வராத பெயரும் உண்டு, செஃப்ங்கிற ஃபைல்சிஸ்டத்துல செஃப்.டிர்.ஆர்பைட்ஸ்னு கேட்டா அந்த டைரக்டரிக்கு கீழ மொத்தம் எத்தனை பைட்னு சொல்லும், புது கர்னல்ல லிஸ்ட் போட்டா அது தெரியாது. அந்த மாதிரி கணக்கு போட்டு தர்ற வேல்யூ பேக்கப்புக்கு தேவையும் இல்ல.

வேகம் வேணும்னா டைரக்டரிய பிரிச்சு நாலஞ்சு த்ரெட்ல ஓட்டுங்க, ஸ்டேட் பண்ண கையோட எல்லிஸ்ட் கூப்பிடுங்க, ஐநோட் அப்போ கேஷ்ல சூடா இருக்கும். ஸ்டேட் எல்லாம் ஒரு சுத்து, எக்ஸ்ஆட்டர் எல்லாம் இன்னொரு சுத்துன்னு பிரிச்சா அதுக்குள்ள கேஷ்ல இருந்து போயிருக்கும்.

அரைத்தூக்கம்:
ரெண்டு சுத்தா தான் இருக்கு இப்போ. மாத்திட்டு எஸ்ட்ரேஸ் மைனஸ் சி போட்டு பாத்துட்டு நம்பரோட வர்றேன்.